மடுத்தளிர் தின்ற மாடு

ஆடி மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை காலையில் புஷ்பத்தின் செவலைப் பசு, தேர் அசைந்து வருவது போலக் கொட்டிலை விட்டு வெளியே வந்தது. முன்னங்கால்கள் இரண்டும் வழக்கம்போல நேராகத்தான் வந்தன. பின்னங்கால்கள் இரண்டுக்கும் தெஹியோவிட்டைக் கடைத்தெருவில் ஏதோ அவசர வேலை இருந்திருக்க வேண்டும். அவை அந்தத் திசையில் போகப் பார்த்தன. நடுவில் இருந்த வயிறு இரண்டு கட்சிக்கும் சமாதானம் பேசிப் பார்த்து, முடியாமல், வேலியில் சாய்ந்துகொண்டது.

புஷ்பம் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் காம்பராவின் கதவைப் பார்த்தாள். அங்கே இருளாயி இருந்தாள். ரப்பர்த் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில் எது கெட்டுப்போனாலும் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தக் கதவைத்தான்.

இருளாயி நாற்பது தாண்டிய கைம்பெண். புருஷன் காய்ச்சலில் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. ஆனால் தோட்டத்தில் யாரும் அவள் கையைப் பற்றிப் பேசுவதில்லை, கண்ணைப் பற்றித்தான் பேசுவார்கள். "என்னமா காய்ச்சிருக்கு" என்று அவள் சொன்ன பலாமரம் அந்த வருஷத்துக் காற்றில் விழுந்தது. அதே காற்றில் அவள் ஒன்றுமே சொல்லாத பதினாறு ரப்பர் மரங்களும் விழுந்தன; அவற்றை யாரும் எண்ணவில்லை. "மாப்பிள்ளை ராசா கணக்கா இருக்காரு" என்று அவள் சொன்ன மாப்பிள்ளைக்கு மூன்றாம் நாள் அம்மை போட்டது. அந்த மாதம் லயத்தில் பாதிப் பேர் வேப்பிலையில்தான் படுத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு அம்மன் போட்டது, மாப்பிள்ளைக்கு இருளாயி போட்டது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பும்போது, அவள் குடத்தோடு நின்று செவலையைப் பார்த்து, தேர் கணக்காக நிற்கிறது என்று சொல்லியிருந்தாள். இப்போது தேர் ஆடியது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அன்று மாலையே ஏழு மிளகாயும் ஒரு பிடி உப்பும் எடுத்து மாட்டைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். சப்பிரகமுவ மழையில் மூன்று மாதமாக எந்த வீட்டு மிளகாயும் காயவில்லை, போட்ட மிளகாய் அடுப்பையே அணைத்துவிட்டது என்பதெல்லாம் வேறு விஷயம். அடுத்த நாள் கீழ் ஊரிலிருந்து மந்திரம் போடுகிற கட்டாடிராளை வந்தார். எலுமிச்சம்பழம் வெட்டினார். 'எஸ்வஹ, கட்டவஹ' என்று சிங்களத்தில் சொன்னார்: கண் விஷம், வாய் விஷம். மாடு என்ன தின்றது என்று அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. விஷம் என்ற மட்டில் அவர் சொன்னது சரிதான் என்பது பிறகு ஒரே ஒருவனுக்குத் தெரியவந்தது.

அந்த ஒருவன் புஷ்பத்தின் புருஷன் கன்னையா. மிளகாய் எண்ணிக் கொடுத்தவன் அவன். எலுமிச்சம்பழத்துக்காகத் தெஹியோவிட்டை பளீல் முதலாளி கடைக்கு மழையில் நடந்தவன் அவன். என்ன சத்தம் என்று இருளாயி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது, மற்றவர்களோடு சேர்ந்து மாட்டை மறைத்துக்கொண்டு நின்றவனும் அவன்தான். பாவம் செய்தவன் இவ்வளவு நிம்மதியாக இருக்க முடியுமா என்றால், முடியும். செய்தது பாவம் என்று அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

கன்னையாவுக்குச் சின்னத்துரை பங்களாத் தோட்டத்தில் வேலை. சின்னத்துரைக்கு ரப்பர் மரம் பிடிக்காது. ரப்பர்த் தோட்டத்தை மேற்பார்க்க வந்தவருக்கு ரப்பர் பிடிக்காதது, பூசாரிக்குச் சாம்பிராணிப் புகை ஒத்துக்கொள்ளாதது மாதிரி. அவருக்குப் பிடித்தது மடு மரம். சிங்கள ஊரார் மடு என்று சொல்லும் இந்த மரம், பனைக்கும் பெரணிக்கும் கள்ளத்தனமாகப் பிறந்தது போல இருக்கும்: குட்டைத் தண்டு, உச்சியில் சீப்புச் சீப்பாக நீண்ட இலைகள். கோயில் பந்தலுக்கோ கல்யாணப் பந்தலுக்கோ தோரணம் கட்ட அதைவிட நல்ல இலை கிடையாது. துரைக்குத் தோரணம் முக்கியமில்லை. உலகத்தில் பூ என்று ஒன்று வருவதற்கு முன்னாலேயே வந்த சாதி இது என்பார். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பூக்காது. விதையைப் பழத்துக்குள் ஒளித்துவைக்காது. இலை மாதிரி ஒன்றின் ஓரத்தில் அம்மணமாகத் தொங்கவிடும். கன்னையா இதை வீட்டில் போய்ச் சொன்னபோது, வயசுப்பெண்கள் இருக்கிற லயத்தில் இந்தப் பேச்செல்லாம் வேண்டாம் என்று புஷ்பம் கண்டித்தாள்.

ஆற்றோரக் காட்டை ரப்பருக்காக வெட்டியபோது, சின்னத்துரை இருபத்திரண்டு மடு மரங்களை வேரோடு எடுத்துப் பங்களா வளவில் நட்டார். ஆனி மாதத்தில் அவையெல்லாம் ஒன்றாகத் தளிர்விட்டன. தளிர் சுருள் பிரிகிற ஒவ்வொரு கட்டத்தையும் படம் எழுத வேண்டும் என்று துரை நாளுக்கு ஒரு மரத்தின் தளிர்க்கொத்தை வெட்டச் சொன்னார். கொத்தில் ஒரே ஒரு தளிரை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குழியில் போடு என்பார்.

செவலைக்குத் தினம் ஒரு கட்டுப் புல் கொண்டுவருவது கன்னையாவின் பொறுப்பு. ரப்பர் நிழலில் புல் முளைக்காது. புல் வேண்டுமென்றால் ஆற்றங்கரைக்கு இறங்க வேண்டும்; இறங்கினால் அட்டை ஏறும். குழிக்குப் போக வேண்டிய தளிரோ கீரை போல மெத்தென்று இருந்தது. அம்மன் பந்தலில் தொங்குகிற இலை. அம்மனுக்கு ஆகிற இலை மாட்டுக்கு ஆகாதா? முதல் நாள் கொஞ்சம் பொடியாக அரிந்து போட்டான். செவலை தின்றுவிட்டு அவன் கையை நக்கியது. அன்றிலிருந்து இருபத்திரண்டு நாள் கன்னையா ஆற்றங்கரைப் பக்கமே போகவில்லை. கணுக்காலில் ஓர் அட்டைக் கடி இல்லை. இப்படி ஒரு யோசனை தனக்கு வந்ததை நினைத்துத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான். புஷ்பத்திடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மிச்சமாகிற நேரத்துக்கு விறகு வெட்டச் சொல்வாள்.

இதுதான் நடந்தது. நடந்ததன் பெயர் என்ன என்பது அடுத்த புதன்கிழமை தெரிந்தது.

அன்று சின்னத்துரைக்குத் தபாலில் ஒரு கல் வந்தது. வடநாட்டில் ராஜ்மஹால் என்ற மலையிலிருந்து யாரோ சிநேகிதர் அனுப்பியது. துரை அதைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிவந்து விறாந்தை மேசையில் வைத்து, கன்னையாவைக் கூப்பிட்டார். கல்லின் முகத்தில் ஓர் இலை இருந்தது. வரைந்தது இல்லை, செதுக்கியது இல்லை. நடு நரம்பும் இரண்டு பக்கமும் சீப்புப் பல்லாக இலைகளுமாக, கல்லே இலையாகக் கிடந்தது.

துரை தமிழ் படித்தது காலைப் பிரட்டில். ஆள் எண்ணுகிற இடத்தில் படித்த தமிழ் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

"பார். மடு மாதிரி இருக்கு. மடு இல்லே. மடுவுக்குச் சொந்தம். ஒண்ணுவிட்ட சொந்தம். இது செத்துப் போச்சு. குடும்பம் பூரா செத்துப் போச்சு."

கன்னையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். "எப்பங்க துரை?"

"பல கோடி வருசம்."

இவ்வளவு நாளான சாவுக்குத் தலை முழுக வேண்டியதில்லை என்று கன்னையா துண்டை மறுபடியும் கட்டிக்கொண்டான். துரைக்குக் குஷி தாங்கவில்லை. உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்துவந்தார். செத்தது போக மிச்சமிருக்கிற சொந்தக்காரர்கள் எந்தெந்தத் தேசத்தில் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொண்டே வந்தவர், ஆஸ்திரேலியாவில் நின்றார்.

"கேள். இந்த ஊர்ல மாடு மடு இலை தின்னும். தளிர் தின்னும். பின்னாடி கால் சாகும். முன்னாடி கால் சாகாது. ஆடும், ஆடும், பிறகு உக்காரும். எந்திரிக்காது."

கன்னையாவுக்குப் பின்னங்கால்கள் என்று எதுவும் தனியாக இல்லை. இருந்த இரண்டு காலும் ஆடின.

"நல்லாகாதுங்களா துரை?"

"ஆகாது. நிப்பாட்டினா சாகாது. நல்லாகாது." துரை பக்கத்தைப் புரட்டினார். அப்புறம் எதையோ நினைத்துக்கொண்டவர் போல நிமிர்ந்தார். "கன்னையா, மிச்சத் தளிர் எங்கே போட்டே?"

"குழியிலங்க துரை."

"குட்," என்றார் துரை.

அன்று சாயங்காலம் கன்னையா ஆற்றங்கரைக்கு இறங்கிப் புல் அறுத்தான். அட்டை ஏறிற்று. பிடுங்கிப் போடவில்லை. கணுக்காலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்ததில் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் அட்டை குடிக்கிற அளவு ரத்தத்துக்குக் கழிகிற பாவம் இல்லை அது என்று லயத்துக்கு வந்ததும் தெரிந்துபோயிற்று. அங்கே பேச்சு மாட்டை விட்டு இருளாயிக்கு வந்திருந்தது. பெரியங்கங்காணி அழகமுத்து, அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு கோயில் முற்றத்தில் பஞ்சாயத்து என்று சொல்லியனுப்பியிருந்தார். இருளாயிக்குப் பத்துச்சீட்டு எழுதிக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்பும்படி பெரியதுரையிடம் கேட்பதாக ஏற்பாடு.

கண் வைக்கிறவள் என்று சீட்டு வாங்கியவளை எந்தத் தோட்டமும் சேர்க்காது. சீட்டில் அப்படி எழுதமாட்டார்கள். எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அவள் யட்டியாந்தோட்டைக்கு நடந்துபோய்ச் சேருவதற்கு முன்னால் செய்தி பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிடும். இந்தியாவில் அவளுக்கு ஊர் பெயர் தெரியும், ஆள் ஒருவரையும் தெரியாது.

கன்னையாவுக்கு இரண்டு வழி இருந்தன. உண்மையைச் சொல்வது ஒன்று. மூன்றாவதாக ஒரு வழியைத் தேடுவது இன்னொன்று. அவன் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டான்.

மாடு தானாகத் தேறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஐந்து நாள் காத்திருந்தான். மாடு தேறவில்லை, மோசமாகவும் ஆகவில்லை. ஆட்டத்துக்குப் பழகிக்கொண்டது. பிறகு அவன் மனசு வேறு பக்கம் வேலை செய்தது. மாட்டுக்குச் செய்ய முடியாததை இருளாயிக்குச் செய்தால் என்ன? அவள் விறகுக் கட்டைத் தூக்கிவந்து வாசலில் போட்டான். துரை தோட்டத்து வெள்ளரிக்காய் இரண்டைக் கொடுத்தான். அவள் கூரைத் தகரம் ஒழுகுகிற இடத்தில் ஏறித் தார் பூசினான். குற்றவாளியின் இரக்கத்துக்கு ஓர் அவசரம் உண்டு. அது நாள் பார்ப்பதில்லை, அக்கம்பக்கம் பார்ப்பதில்லை.

புஷ்பம் பார்த்தாள். அவள் அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். தன் வீட்டுக்கு விறகு வெட்டக் கையில் வலி என்கிற மனிதன், பக்கத்து வீட்டுக் கூரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த எந்தப் பெண்ணும் என்ன முடிவுக்கு வருவாளோ அந்த முடிவுக்கு வந்தாள். இருளாயி மருந்து வைத்துவிட்டாள். மாட்டுக்குக் கண்ணால் வைத்தாள், மனுஷனுக்குச் சோற்றில் வைத்தாள். கங்காணியிடம் இருந்த பிராது ஒன்று இரண்டாயிற்று. கன்னையா தூக்கிய ஒவ்வொரு விறகுக் கட்டும் இருளாயியின் தலையில்தான் போய் இறங்கியது.

பஞ்சாயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் இருளாயியே அவனைப் பீலியில் நிறுத்தினாள். அவளைக் கண்டதும் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிப் போயிருந்தார்கள்.

"தம்பி, இனிமே எனக்கு ஒண்ணும் செய்யாதே. நீ கூரையில ஏறுனா ஊரு என் தலையில ஏறுது."

கன்னையா தரையைப் பார்த்தான். "அக்கா, அது ஒங்க கண்ணு இல்லீங்க."

"தெரியும்."

"நான்தாங்க அந்த மாட்டுக்கு..."

"அதுவும் தெரியும். நீ தலைச்சுமையா மடுக் கொழுந்து கொண்டாந்து அரிஞ்சு போட்டத என் பின்வாசல்ல இருந்து தெனம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். கீழ் ஊரு சிங்களப் பொம்பள மெனிக்கே தன் மாட்ட அந்த மரத்துப் பக்கமே விடமாட்டா. மாடு ஆடுனதும் எனக்கு வெளங்கிப் போச்சு."

"அப்ப ஏங்கக்கா சொல்லலே?"

இருளாயி குடத்தைப் பீலிக்கு அடியில் நகர்த்தி வைத்தாள். "என்னான்னு சொல்ல? பாத்தேன்னு சொல்லணுமா? நான் பாத்தேன்னு என் வாயாலேயே சொன்னா, அதுக்கப்புறம் அவங்களுக்கு வேற சாட்சி எதுக்கு?"

குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அவன் தூக்கிவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் முற்றத்தில் லயமே கூடியிருந்தது. பெரியங்கங்காணி அழகமுத்து கோட்டும் தலைப்பாகையுமாக ஆசனப் பலகையில் உட்கார்ந்திருந்தார். முற்றத்தின் ஓரத்தில், தோட்டத்திலேயே நல்ல புல் இருக்கிற ஒரே இடத்தில், அவருடைய சிந்திப் பசு மேய்ந்துகொண்டிருந்தது. கோயில் புல் அம்மனுக்குச் சொந்தம், அம்மன் தின்பதில்லை. அந்தப் பசுவைப் போல மடி கனத்த மாடு பத்து மைலுக்கு இல்லை என்று கங்காணியே அடிக்கடி சொல்வார். அவர் சொன்னால் கண் படாது.

புஷ்பம் அழுதுகொண்டே மாட்டுக் கதையையும், அழாமல் புருஷன் கதையையும் சொன்னாள். பூசாரி நல்லையா மிளகாய்க்கு நெடி வராததற்குச் சாட்சி சொன்னார். இருளாயி தூணோரத்தில் நின்று தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் பற்றிய வழக்கில் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்பது சுலபமான காரியம் இல்லை.

கன்னையா எழுந்து நின்றான். மாட்டைக் கெடுத்தது தான்தான் என்றான். இருபத்திரண்டு நாள் மடுத்தளிர் போட்ட கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னான். அட்டைக்குப் பயந்ததைச் சொன்னான். துரையிடம் பொய் சொன்னதைச் சொன்னான். சொல்லச் சொல்ல மனசு லேசாகிக்கொண்டு வந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், எல்லோரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்க, எப்படிப் பேச வச்சுருக்கா," என்றாள் புஷ்பம்.

கங்காணி தொண்டையைச் செருமினார். "ஏன்டா கன்னையா, போன மாசம் ஆத்தா பந்தல்ல என்னா எல கட்டுனோம்? மடு எல. ஆத்தாளுக்குக் கட்டுன எலயில வெசம்னு சொல்றியா நீ?"

இந்தக் கேள்வி வரும் என்று கன்னையா எதிர்பார்த்திருந்தான். அதற்காகத்தான் சாட்சியைக் கொண்டுவந்திருந்தான். துண்டை அவிழ்த்துத் துரையின் கல்லை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னத்துரை கித்துல்கலப் பக்கம் மீன் பிடிக்கப் போய்விடுவார். மேசையில் இருந்ததைக் கேட்காமல் எடுத்துவந்திருந்தான். மடு சாதாரண மரம் இல்லை, பூவுக்கு முந்தின சாதி, அதன் சொந்தக்கார மரத்தின் இலை இப்படிக் கல்லாகிக் கிடக்கிறது, துரை புத்தகத்தில் மாட்டுக் கதை போட்டிருக்கிறது என்று மூச்சு வாங்கச் சொல்லி, கல்லைக் கங்காணிக்கு முன்னால் வைத்தான்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நரம்பு தெரிந்தது, சீப்புப் பல் தெரிந்தது. தொட்டுப் பார்த்தவன் கையை இழுத்துக்கொண்டான். பூசாரி நல்லையா எதற்கும் இருக்கட்டும் என்று குங்குமத்தைக் குழைத்து அதில் ஒரு பொட்டு வைத்தார்.

கங்காணி வெகுநேரம் கல்லையே பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? பச்ச எலயே பாத்த பார்வையில கல்லாப் போயிருக்கு. மாட்டுக்கு ரெண்டு காலு மட்டும் போனது ஆத்தா புண்ணியம்."

கூட்டம் ஆமாம் என்றது. கன்னையா கல்லைக் கொண்டுவந்திருக்காவிட்டால் இருளாயிக்குப் பத்துச்சீட்டோடு போயிருக்கும். இப்போது அவள் இலையைக் கல்லாக்குகிறவள்.

கன்னையாவுக்கு இன்னும் ஒரே வழி மிச்சமிருந்தது. "மடுத்தளிர்ல ஒண்ணும் இல்லேன்னா, கங்காணி ஐயா மாட்டுக்கு நானே கொண்டாந்து போடுறேங்க. இருபத்திரண்டு நாள். மாடு நல்லா இருந்தா இருளாயி அக்கா போகட்டும்."

கங்காணி தம்முடைய பசுவைப் பார்த்தார். நல்ல ஜாதி மாட்டை இந்த மாதிரிக் காரியத்துக்கெல்லாம் உபயோகிப்பது முறையில்லை என்றார். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் வழக்கு அங்கேயே திரும்பியிருக்கும். யாரும் கேட்கவில்லை. கங்காணியிடம் ஏன் என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. சீட்டுக் கேட்டு நாளைக்கே பெரியதுரையிடம் போவதாக அவர் எழுந்தார்.

அப்போதுதான் இருளாயி பேசினாள்.

"நான் போறேங்கையா. போறதுக்கு மின்னாடி ஒண்ணே ஒண்ணு. பதினெட்டு வருசம் இங்க இருந்துட்டேன். எல்லாத்தையும் ஒருவாட்டி நல்லாப் பாத்து, நாலு நல்ல வார்த்த சொல்லிட்டுப் போயிர்றேன்."

சொல்லிவிட்டு அவள் கால் விரலிலிருந்து கண்ணை எடுத்தாள். மெதுவாகத் திரும்பினாள். அவள் பார்வை போகிற பாதையில் இருந்த தாய்மார் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். பார்வை அவர்களைத் தாண்டிப் போய்ச் சிந்திப் பசுவின்மேல் நின்றது.

"கங்காணி ஐயா மாட்டு மடி இருக்கே," என்று தொடங்கினாள்.

"இருளாயி." கங்காணி மாட்டுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். தலைப்பாகை கழன்று தோளில் விழுந்தது. "வாய மூடும்மா. நீ எங்கயும் போக வேணாம்."

அவள் மூடிக்கொண்டாள். தீர்ப்பு அதுதான். இருளாயி தோட்டத்திலேயே இருக்கலாம்; எதையும் யாரையும் பார்த்து ஒன்றும் சொல்லக்கூடாது. கன்னையாவின் பேரில் குற்றம் ஏதும் இல்லை.

குற்றம் இல்லை என்ற தீர்ப்பை அவன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். அது விறகுக் கட்டைவிடக் கனமாக இருந்தது. கல்லைப் பீலியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். இலையின் பள்ளங்களுக்குள் போன குங்குமம் வரவில்லை. திங்கட்கிழமை சின்னத்துரை கண்ணாடி வைத்து அதில் படிந்த சிவப்பை வெகுநேரம் பார்த்தார். முன்பு தான் இதைக் கவனிக்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டார். "இரும்பு," என்று சந்தோஷமாகச் சொல்லி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். கன்னையா வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்லி ஒருமுறை பார்த்தாயிற்று.

ஆனாலும் பிறகு இரண்டு பேரிடம் சொன்னான். புஷ்பத்திடம் மறுபடியும் சொன்னான். "ஒங்களுக்கு எளகின மனசு," என்று அவள் கண் கலங்கினாள். மருந்து முறிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். பூசாரியிடம் சொன்னான். ஒரு பாவப்பட்ட பொம்பளைக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற மனசு எத்தனை பேருக்கு வரும் என்று பூசாரி ஊரெல்லாம் சொன்னார். மாட்டைக் கெடுத்தவனுக்குத் தோட்டத்தில் நல்ல பெயர் வந்துவிட்டது. செவலை பால் வற்றிப்போய், லயத்து வாசலில் தேராக ஆடிக்கொண்டு நின்றது. அவன் தினமும் ஆற்றங்கரைக்கு இறங்கினான்.

இருளாயி பீலிக்கு வந்தால் இப்போது அவளுக்குத்தான் முதல் குடம். எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒதுங்கியவர்கள் திரும்பி வரவில்லை. அவள் முந்தானையைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, மண்ணைப் பார்த்தபடியே நடக்கப் பழகிக்கொண்டாள். தன் வாயால் ஒப்புக்கொண்ட பட்டத்தை இனி யார் கழற்ற முடியும்?

தை மாதத்தில் புஷ்பத்துக்கு ஆண் பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதற்கு லயமே வந்து போயிற்று. ஒரு கதவு மட்டும் சாத்திக் கிடந்தது.

பிறகொரு நாள் மத்தியானம், புஷ்பம் வேலைக்குத் திரும்பியிருந்த சமயம், கன்னையா, வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு நேராக அந்தக் கதவுக்குப் போனான். இருளாயி கதவைத் திறந்தாள். அவன் கையில் இருந்ததைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கொண்டு போயிரு தம்பி. புஷ்பம் பாத்தா என்னைய வெட்டிப் போடும்."

"பாருங்கக்கா."

"வேணாம்."

"எனக்காகப் பாருங்கக்கா."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு திரும்பினாள். ரப்பர்ப் பால் காய்ந்து கறுத்த விரல்களால் தடவித் தடவிப் பிள்ளையின் தலையைத் தேடிப் பிடித்தாள். நெற்றி, மூக்கு, காது மடல், மோவாய் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். பிள்ளை அவள் சுண்டுவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. மூடிய இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் இறங்கியது, கண் திறக்கவில்லை.

"கொரங்குக் குட்டி கணக்கா இருக்கு," என்றாள் இருளாயி. "இந்த மாதிரி அசிங்கத்த நான் எங்கயும் பாத்ததில்ல."

கன்னையா தலையைக் குனிந்துகொண்டு அந்த நல்ல வார்த்தையை வாங்கிக்கொண்டான்.